லேப்டாப்பும் இரண்டு மானிட்டரும்: மூன்று திரையிலும் வால்பேப்பரை ஒழுங்காகப் போடுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஃபோட்டோ எடிட்டிங், நோட்டீஸ் வடிவமைப்பு செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார். இடப்பக்கம் 15.6 அங்குல லேப்டாப், அதற்கு வலப்பக்கம் ஒரே மாடலில் 24 அங்குல மானிட்டர் இரண்டு. மூன்றும் 1920×1080. விண்டோஸ் 11. அவ்வூர் மோசஸ் மபிடா ஸ்டேடியத்தின் படத்தை மூன்று திரைக்கும் சேர்த்து விரித்தால் அதன் மேலே நிற்கும் பெரிய வளைவு திரைகளுக்கு நடுவே முறிந்தாற்போல் தெரிகிறது. தைப்பூசக் காவடி நேரத்தில் திரைக்கு ஒரு முருகன் படம் வைக்கப் பார்த்தால் கிரீடமும் பாதமும் வெட்டுப்படுகின்றன. போதாக்குறைக்கு, கரண்ட் போய் வந்தால் படங்கள் இடம் மாறிக்கொள்கின்றன.

வளைவிலிருந்தே தொடங்கலாம், மற்றதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

விண்டோஸில் ஒரே படத்தை எல்லாத் திரைக்கும் விரிக்க ‘ஸ்பேன்’ என்ற வசதி விண்டோஸ் 8 முதல் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், பெர்சனலைஸ், பேக்கிரவுண்ட். அங்கே ஃபிட் பட்டியலில் கடைசியாக நிற்பது ஸ்பேன். இது எல்லா மானிட்டரையும் உள்ளடக்கும் ஒரு பெரிய செவ்வகத்தைக் கணக்கில் எடுத்து, படத்தை அதன்மேல் போர்த்திவிடும். உங்களுக்கு அது 1920 மூன்று முறை, அதாவது 5760×1080. ஆக 5760×1080 அளவில் படம் செய்து ஸ்பேன் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இரண்டு இடத்தில் அது காலை வாரும்.

முதலாவது, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் திரைகளை நீங்கள் இழுத்து வைத்திருக்கும் நிலை. லேப்டாப் மேசையில் கீழே இருக்கிறதே என்று அதன் கட்டத்தை 100 பிக்சல் கீழே இறக்கி வைத்திருந்தால், பெரிய செவ்வகம் 5760×1180 ஆகிவிடும். உங்கள் 1080 உயரப் படம் அதற்குப் போதாது. விண்டோஸ் அதை 1180 உயரத்துக்குப் பெரிதாக்கும். அகலம் 6293 ஆகும், மிஞ்சிய 533 பிக்சலை இரண்டு ஓரத்திலும் பாதிப் பாதியாக வெட்டி எறியும். படம் மங்கலாகவும் தெரியும், ஓரமும் காணாமல் போகும். காரணம் தெரியாமல் படத்தையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஸ்பேன் போடுவதானால் மூன்று கட்டங்களின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் ஒட்டி நிற்க வேண்டும்.

இரண்டாவதுதான் உங்கள் வளைவை முறிப்பது. விண்டோஸுக்குப் பிக்சல் மட்டுமே தெரியும், மில்லிமீட்டர் தெரியாது. 15.6 அங்குலத் திரையில் ஒரு அங்குலத்துக்கு 141 பிக்சல்; 24 அங்குலத்தில் 92 தான். ஒரே படம் லேப்டாப்பில் சிறுத்தும், பக்கத்து மானிட்டரில் ஒன்றரை மடங்கு பெருத்தும் தெரியும். இடப்பக்கம் மெலிந்து வந்த வளைவு, அடுத்த திரையில் திடீரென்று தடித்து, வேறு உயரத்தில் தொடங்கும். அதோடு இரண்டு மானிட்டருக்கும் நடுவிலுள்ள பிளாஸ்டிக் விளிம்பு: படம் அதைத் தாண்டும்போது இடைவெளியைக் கணக்கில் எடுக்காது, விட்ட இடத்திலேயே தொடரும். வானம், கடல் என்றால் கண்ணுக்குத் தெரியாது. 106 மீட்டர் உயர வளைவு என்றால் பளிச்சென்று தெரியும். டிராக்கன்ஸ்பெர்க் மலையின் ஆம்பிதியேட்டர் பாறைச்சுவர் மாதிரி ஒரு படம் இந்தக் குறைகளை எல்லாம் மன்னித்துவிடும். வளைவும் நேர்கோடும் மன்னிக்காது.

ஆகவே அளவு வெவ்வேறான திரைகளுக்கு ஸ்பேனைத் தொடாதீர்கள். படத்தை மில்லிமீட்டர் கணக்கில் நீங்களே மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதனதன் திரைக்குக் கொடுங்கள். அரை மணி நேர வேலை. கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். விளிம்பு, இடைவெளி, உயர வித்தியாசம் ஆகியவற்றுக்கு மட்டும் உங்கள் மேசையில் டேப் வைத்து அளந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

15.6 அங்குலத் திரையின் ஒளிரும் பகுதி ஏறத்தாழ 345×194 மில்லிமீட்டர். 24 அங்குலத்துக்கு 531×299. லேப்டாப் திரையின் வலது ஓரத்துக்கும் முதல் மானிட்டரின் படம் தொடங்கும் இடத்துக்கும் நடுவே 30 மில்லிமீட்டர் என்று வைப்போம். இரண்டு மானிட்டருக்கும் நடுவே, தலா 8 மில்லிமீட்டர் விளிம்பு சேர்ந்து, 16. லேப்டாப் திரையின் மேல்விளிம்பு மானிட்டரின் மேல்விளிம்பைவிட 120 மில்லிமீட்டர் கீழே. இப்போது மொத்த அகலம் 345 + 30 + 531 + 16 + 531 = 1453 மில்லிமீட்டர். மொத்த உயரம் 120 + 194 = 314.

இதைப் பிக்சலாக்க மானிட்டரின் அடர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள்: 1920ஐ 531ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 3.616 பிக்சல். மூலப்படம் 5254×1136 என்று வரும். 24 மெகாபிக்சல் கேமராப் படம் 6000×4000 இருப்பதால் அதிலிருந்து தாராளமாக வெட்டி எடுக்கலாம். 12 மெகாபிக்சல் போன் படம் 4000 அகலம்தான், பெரிதாக்க வேண்டிவரும். போனில் எடுப்பதென்றால் பனோரமா முறையில் எடுங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக வந்த படத்தை வைத்து இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம், அது சுருங்கித்தான் வந்திருக்கும். அனுப்புபவரை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த 5254×1136 படத்திலிருந்து மூன்று துண்டு. லேப்டாப்புக்கு: இடமிருந்து 0, மேலிருந்து 434, அளவு 1248×702. முதல் மானிட்டருக்கு: இடமிருந்து 1356, மேலிருந்து 0, அளவு 1920×1080. இரண்டாம் மானிட்டருக்கு: இடமிருந்து 3334, மேலிருந்து 0, அதே 1920×1080. நடுவே 1248க்கும் 1356க்கும் இடையிலுள்ள 108 பிக்சலும், 3276க்கும் 3334க்கும் இடையிலுள்ள 58 பிக்சலும் எந்தத் திரையிலும் வராது. அவை விளிம்புக்குப் பின்னால் மறைந்திருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தெரு தொடர்வதுபோல் வளைவு தொடர்ந்து தெரிவது இந்த 58 பிக்சலைத் தூக்கி எறிவதால்தான். லேப்டாப் துண்டை மட்டும் கடைசியில் 1920×1080க்குப் பெரிதாக்குங்கள். ஒன்றரை மடங்கு பெரிதாக்குவதால் கொஞ்சம் மென்மையாகும், ஆனால் அவ்வளவு சின்னத் திரையில் அது உறுத்தாது.

ஜிம்ப் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளில் க்ராப் (வெட்டும்) கருவியை எடுத்தால் டூல் ஆப்ஷன்ஸில் பொசிஷன், சைஸ் என்று கட்டங்கள் இருக்கும். மேலே சொன்ன எண்களை அப்படியே அடித்து என்டர் தட்டலாம். மவுஸால் இழுத்து வெட்டினால் இரண்டு மூன்று பிக்சல் தவறும், வளைவில் அது தெரியும். ஒவ்வொரு துண்டையும் வெட்டிச் சேமித்த பிறகு அன்டூ செய்து மூலப்படத்துக்குத் திரும்ப மறக்காதீர்கள்.

உண்மைப் படத்தை வெட்டுமுன் ஒரு சோதனைப் படம் செய்து பாருங்கள். 5254×1136 வெள்ளைப் படத்தில் இடது கீழ்மூலையிலிருந்து வலது மேல்மூலைக்கு ஒரு கருப்புக் கோடு. அதை மூன்றாக வெட்டிப் போட்டுவிட்டு, மூன்று திரைக்கும் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். கோடு நூலோடு ஒட்டிப் போனால் அளவு சரி. மானிட்டருக்கு மானிட்டர் கோடு மேலேறினால் இடைவெளி எண்ணைக் கூட்டிப் போட்டிருக்கிறீர்கள், கீழிறங்கினால் குறைத்திருக்கிறீர்கள். வலதுபக்க மானிட்டரை உங்களை நோக்கித் திருப்பி வைத்திருந்தால் கோடு கொஞ்சம் மடங்கித்தான் தெரியும். அதைக் கணக்கால் துரத்திப் பிடிப்பது வீண் வேலை.

இப்போது துண்டுகளைத் திரைகளில் ஏற்றும் வழி. முதலில் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஐடென்டிஃபை அழுத்தி எந்தத் திரைக்கு எந்த எண் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த எண்களை விண்டோஸ் தானாகக் கொடுக்கிறது, கட்டங்களை இழுத்து வைப்பதால் அவை மாறா; லேப்டாப் 1, அதையடுத்து 3, கடைசியில் 2 என்று வந்தால் பதற வேண்டாம். பிறகு பேக்கிரவுண்ட் பக்கத்தில் ‘பிக்சர்’ தேர்ந்தெடுத்து, ப்ரௌஸ் மூலம் மூன்று துண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றும் வந்தவுடன் எல்லாத் திரையிலும் ஒட்டிக்கொள்ளும், விட்டுவிடுங்கள். மூன்றும் ரீசென்ட் இமேஜஸ் வரிசையில் சேர்ந்த பிறகு, அந்தச் சின்னப் படத்தின்மேல் ரைட் கிளிக் செய்து ‘செட் ஃபார் மானிட்டர்’ என்பதில் உரிய எண்ணைக் கொடுங்கள். ஃபிட் பட்டியலில் ஃபில் (திரை நிரம்பும்வரை படத்தைப் பெரிதாக்குவது) போதும், அளவு சரியாக இருப்பதால் அது எதையும் வெட்டாது.

ரைட் கிளிக்கில் மானிட்டர் எண்களே வரவில்லையா? விண்டோஸ் பொத்தானோடு பி அழுத்திப் பாருங்கள். டூப்ளிகேட்டில் இருந்தால் விண்டோஸுக்கு அவை ஒரே திரைதான், எக்ஸ்டெண்டுக்கு மாற்றுங்கள். பெர்சனலைஸ் பக்கமே பூட்டிக்கிடந்தால் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை, அல்லது அலுவலகம் பூட்டி வைத்திருக்கிறது.

வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அது விண்டோஸின் கைவேலை. வால்பேப்பராகப் போடும் ஜேபெக் படத்தை அது தன் பங்குக்கு மறுபடி அழுத்திச் சேமிக்கிறது, 85 சதத் தரத்தில். விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கரண்ட் யூசர் பிரிவு, கண்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்று போய், ‘ஜேபெக் இம்போர்ட் குவாலிட்டி’ என்ற பெயரில் (ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் JPEGImportQuality) 32 பிட் டிவேர்டு (DWORD) மதிப்பு ஒன்று உருவாக்கி டெசிமலில் 100 கொடுங்கள். லாக் அவுட் செய்து வந்து படத்தைத் திரும்பப் போட வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கத் தயக்கம் இருந்தால் விட்டுவிடலாம், பெரும்பாலான படங்களில் வித்தியாசம் தெரியாது. அதைவிடக் கண்ணில் படுவது நிறம்: ஒரே மாடல் மானிட்டர்களே ஒன்று மஞ்சளாகவும் ஒன்று நீலமாகவும் இருக்கும், லேப்டாப் இன்னும் வெளுத்திருக்கும். ஒரே வானம் மூன்று திரையில் ஓடும்போது அது காட்டிக்கொடுத்துவிடும். மானிட்டர் மெனுவில் இரண்டுக்கும் 6500 கெல்வினும் ஒரே பிரைட்னஸும் வைத்து, நைட் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இனி முருகன். சாமி படங்கள் பெரும்பாலும் நின்ற வாக்கில், 3:4 விகிதத்தில் வரும். 16:9 திரையில் ஃபில் கொடுத்தால் படத்தின் உயரத்தில் 42 சதமே தெரியும், அதுவும் நடுப்பகுதி. வேலின் முனை, கிரீடம், பாதம், மயில் எல்லாம் வெளியே. ஃபிட் கொடுத்தால் முழுதாகத் தெரியும், இரு பக்கமும் வெறும் நிறம் நிற்கும். ஆனால் ஒரு சிக்கல்: விண்டோஸில் ஃபில், ஃபிட் தேர்வு எல்லாத் திரைக்கும் பொது. ஸ்டேடியத்துக்கு ஃபில், முருகனுக்கு ஃபிட் என்று பிரித்துக் கொடுக்க முடியாது.

அதனால் படத்தையே திரை அளவுக்குச் செய்துவிடுங்கள். 1920×1080 வெற்றுப் படம், அதில் அடர் மெரூனோ கருநீலமோ நிரப்பி, சாமி படத்தை அதன்மேல் வைப்பது. முழு உயரத்துக்கு 810×1080 வரும், ஆனால் கீழே டாஸ்க்பார் இருப்பதை மறக்கக்கூடாது. விண்டோஸ் 11ல் அது 100 சத ஸ்கேலிங்கில் (எழுத்து, ஐகான்களைப் பெரிதாக்கிக் காட்டும் அளவு) 48 பிக்சல் உயரம். பாதத்தின்மேல் ஸ்டார்ட் பொத்தான் உட்காரும். எனவே 774×1032 ஆக்கி மேல்விளிம்போடு ஒட்டி வையுங்கள். லேப்டாப் 125 சதத்தில் ஓடினால் டாஸ்க்பார் 60 பிக்சல், அதற்கு 765×1020. படத்தை வலப்பக்கம் தள்ளி வைத்தால் இடப்பக்கத்தில் வரிசை கட்டும் ஐகான்கள் முகத்தில் ஏறாது. டாஸ்க்பார் செட்டிங்ஸில் ‘எல்லா டிஸ்ப்ளேயிலும் காட்டு’ என்ற குறியை எடுத்துவிட்டால் மற்ற இரண்டு மானிட்டரிலும் முழு 1080ஐயும் பயன்படுத்தலாம். மானிட்டர் ஸ்டாண்ட் சுழலும் வகை என்றால் ஒன்றைச் செங்குத்தாகத் திருப்பி, ஓரியன்டேஷனை போர்ட்ரெய்ட் ஆக்கி 1080×1920 படம் போடுவது எல்லாவற்றையும்விட அழகு. காவடி ஊர்வலப் படங்களும் அதில் நன்றாக அடங்கும்.

படங்கள் தானாக மாறிக்கொண்டிருக்க வேண்டும் என்றால் ஸ்லைடுஷோவில் ஒரு போல்டரைக் கொடுங்கள், திரைக்கு ஒரு படமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் எந்தப் படம் எந்தத் திரைக்கு என்று கட்டுப்படுத்த முடியாது. மேலே செய்த மூன்று துண்டுகளை அந்த போல்டரில் போட்டீர்கள் என்றால் ஸ்டேடியத்தின் வால் முன்னாலும் தலை பின்னாலும் வரும். வெட்டிய துண்டுகளுக்கு ஸ்லைடுஷோ கூடாது.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுக்கொடுக்கும் மென்பொருளும் உண்டு. சூப்பர்பேப்பர் என்பது இலவச, திறமூல மென்பொருள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். திரையின் அங்குல அளவையும் விளிம்பின் அளவையும் கொடுத்தால் தானே வெட்டிப் போடும். படத்தை அடிக்கடி மாற்றுபவர்களுக்கு அது லாபம். வருடத்துக்கு இரண்டு தடவை மாற்றுபவருக்கு ஜிம்ப் போதும். டிஸ்ப்ளேஃப்யூஷன் திரைவாரியாகப் படம் வைப்பதோடு, அமைப்பை ப்ரொஃபைலாகச் சேமித்துத் திரும்பக் கொண்டுவரும். உங்கள் மூன்றாவது பிரச்சினைக்கு அது உதவும். அசையும் வால்பேப்பர் வேலை செய்யும் கணினிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று திரையில் ஓடினால் லேப்டாப்பின் விசிறி நிற்காது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: சிஸ்டம் செட்டிங்ஸ், வால்பேப்பர் பக்கத்தில் திரையைத் தேர்ந்து திரைவாரியாகப் படம் கொடுக்கலாம், விரிக்கும் வசதி கிடையாது, வெட்டித்தான் ஆக வேண்டும். லினக்ஸில் கேடிஇ டெஸ்க்டாப் என்றால் அந்தந்தத் திரையின் டெஸ்க்டாப்பிலேயே ரைட் கிளிக் செய்யலாம். எக்ஸ்எஃப்சிஇயில் செட்டிங்ஸ் ஜன்னலை எந்தத் திரைக்கு இழுக்கிறீர்களோ அந்தத் திரையின் படம் மாறும்.

கடைசியாகக் கரண்ட். லோட் ஷெடிங் முன்போல் தினப்படி இல்லை என்றாலும், உள்ளூர்க் கோளாறில் கரண்ட் போவது ஓயவில்லை. அப்போது நடப்பது இது: லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், மானிட்டர் இரண்டும் அணையும். டிஸ்ப்ளேபோர்ட்டில் (ஹெச்டிஎம்ஐ போன்ற இன்னொரு திரை இணைப்பு) மாட்டிய மானிட்டர் அணைந்தால் கேபிளைப் பிடுங்கிவிட்டதாகவே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். எல்லா ஜன்னலையும் லேப்டாப் திரைக்கு இழுத்து வரும், படங்களையும் மறுபடி பங்கிடும். கரண்ட் வந்ததும் மானிட்டர்கள் ஒரே நொடியில் எழுவதில்லை. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இரண்டும் ஒரே மாடல் என்பதால் எது எது என்று விண்டோஸ் அடையாளம் காண்பது பல நேரம் மாட்டியிருக்கும் போர்ட்டை வைத்துத்தான். நடுவில் யூஎஸ்பி டாக் (ஒரே கேபிளில் லேப்டாப்போடு பல கருவிகளை இணைக்கும் பெட்டி) இருந்தால், அதுவும் அணைந்து எழும்போது போர்ட் வரிசையே புதிதாக எண்ணப்படலாம்.

கேபிள்களில் ஒரு துண்டு டேப் ஒட்டி எந்த மானிட்டர், எந்த போர்ட் என்று எழுதி வையுங்கள். மேசையைத் துடைக்கும்போது மாற்றி மாட்டிவிட்டால் படமும் மாறும். இடமிருந்தால் ஒரு மானிட்டரை நேராக லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐயில் மாட்டி, மற்றதை மட்டும் டாக்கில் விடுங்கள். வெவ்வேறு வழியில் வந்தால் குழப்பம் குறையும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியில் ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் குறி இருக்கிறது, அதையும் போடுங்கள். அது ஜன்னலுக்கு மட்டும்தான், வால்பேப்பரை மாற்றாது. சில மானிட்டர் மெனுக்களில் டீப் ஸ்லீப் என்று ஒன்று இருக்கும். அதை அணைத்தால் திரை தூங்கி எழும்போதாவது இந்தத் தொல்லை வராது. உறுதியான தீர்வு மானிட்டர்களையும் டாக்கையும் யூபிஎஸ்ஸில் போடுவது. 24 அங்குல எல்இடி மானிட்டர் ஒன்று சுமார் 20 முதல் 25 வாட்தான் இழுக்கும், இரண்டும் டாக்கும் சேர்ந்தாலும் சின்ன யூபிஎஸ் தாங்கும். ஸ்லைடுஷோ வைத்திருந்து கரண்ட் இல்லாதபோது அது நின்றுவிட்டால் கோளாறில்லை. பேட்டரியிலும் ஓடட்டும் என்ற குறி ஸ்லைடுஷோவுக்குக் கீழேயே இருக்கிறது.

எல்லாம் செய்தபின், திறந்திருப்பதையெல்லாம் சேமித்துவிட்டு, லேப்டாப் ஓடும்போதே மானிட்டர்களுக்குப் போகும் மல்டிபிளக்கைச் சுவரில் அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். யூபிஎஸ் வழியாக என்றால் யூபிஎஸ்ஸின் சுவர்ப் பிளக்கை. படம் இடம் மாறாவிட்டால் சரி. மாறினால் டாக்கைக் கழற்றிவிட்டு நேரடிக் கேபிளில் அதையே திரும்பச் செய்யுங்கள். அதில் மாறவில்லை என்றால் குற்றம் டாக்குடையது, வால்பேப்பர் செட்டிங்ஸைத் தொடவே வேண்டாம்.